ரத்த உறவில் ஒருவருக்கு இளவயதில் மாரடைப்பு: மற்றவர்களைப் பரிசோதித்த வழி

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், அதை இதய மருத்துவர்கள் கனமான குடும்ப வரலாறாக எடுத்துக்கொள்கிறார்கள். தாத்தா 78 வயதில் நெஞ்சுவலியில் போனார் என்பதற்கு அவ்வளவு எடை இல்லை. வீட்டில் ஒருவருக்கு ஐம்பது வயதுக்குள் ஸ்டென்ட் வைத்த பிறகு, மிச்சமிருக்கும் ரத்த உறவுகள் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். அந்த வழியில் எது உதவியது, எங்கே தவறக்கூடும் என்பதை எழுதுகிறோம்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் ஒரு பெரிய தாளில் வம்சக்கொடி வரைய வேண்டும். அப்பா வழி, அம்மா வழி இரண்டும் வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே நான்கு விவரங்கள்: என்ன நோய், எந்த வயதில் வந்தது, புகையிலைப் பழக்கம் உண்டா, சுகரோ பிரஷரோ இருந்ததா. பெரியவர்களிடம் “ஹார்ட் ப்ராப்ளம் இருந்ததா?” என்று கேட்டால் சரியான பதில் வராது. நம் ஊரில் திடீரென்று இறந்த எல்லோரையும் மாரடைப்புக் கணக்கில் எழுதிவிடுவார்கள். பக்கவாதமும் அதில் சேர்ந்துவிடும். பெண்கள் விஷயத்தில் நேர்மாறு. அத்தைக்கு வந்த நெஞ்சுவலி “வாயுப் பிடிப்பு” என்றே கடைசி வரை சொல்லப்பட்டிருக்கும். அதனால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் படுத்திருந்தார், வீட்டுக்கு வந்த பின் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேளுங்கள். வயது நினைவில்லை என்றால், “மூத்தவள் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் சட்டென்று வந்துவிடும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தாளைப் படிக்கும்போது பழக்கத்தையும் பரம்பரையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தினம் இரண்டு கட்டு பீடி பிடித்து 50 வயதில் இறந்த சித்தப்பாவைவிட, எந்தப் பழக்கமும் இல்லாமல் 42 வயதில் போன தாய்மாமன்தான் பரம்பரைக் காரணத்தை அதிகம் சுட்டுகிறார்.

பரம்பரைக் காரணங்களில் முதலில் தேட வேண்டியது குடும்பவழி அதிகொழுப்பு நோய். எல்டிஎல் (குழாய்களில் படியும் ‘கெட்ட’ கொழுப்பு) கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுத்து அகற்றும் வேலை, ஒற்றை மரபணுவின் பிழையால் மந்தமாகிவிடுகிறது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்து எடுக்காத பெரியவருக்கு எல்டிஎல் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 190-க்கு மேல், குழந்தைக்கு 160-க்கு மேல் இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் தடித்து முண்டாக இருப்பதும், இளவயதிலேயே கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவதும் அடையாளங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவருமே அந்தப் பிழையைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இரட்டையாக வந்துசேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு எல்டிஎல் 400-ஐத் தாண்டலாம், பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மாரடைப்பு வரலாம். இதை எழுதும்போதே மனசு பதறுகிறது. சின்னப் பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

லேபில் முதலில் லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது வழக்கமான கொழுப்பு டெஸ்ட். பல லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லையும் (‘நல்ல’ கொழுப்பு), ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். மொத்தம் 240, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 210 என்றால் எல்டிஎல் 160. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. நேரடி எல்டிஎல் என்று கேட்டு எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்து தேறிய வாரங்களிலும், மாரடைப்பு வந்த சில நாட்களுக்குப் பிறகும் கொழுப்பு பொய்யாகக் குறைந்து தெரியும். கர்ப்பத்தில் ஏறித் தெரியும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும். அதனால் அதிகம் என்று வந்தவர்களுக்கு டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்டும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, லிப்போபுரோட்டீன்-ஏ என்ற, எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள். வழக்கமான கொழுப்பு டெஸ்டில் இது வராது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘அப்போலிப்போபுரோட்டீன் ஏ1’ என்று வேறொரு சோதனை இருக்கிறது. சீட்டில் அவசரமாக எழுதினால் அதை எடுத்துவிடுவார்கள். லிப்போபுரோட்டீன்-ஏ அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிறது. உணவாலோ நடையாலோ அதிகம் மாறாது. ஆகவே வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது லிட்டருக்கு 125 நானோமோலுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுகிறது. அண்ணன் ரிப்போர்ட் ஒரு அலகிலும் தங்கை ரிப்போர்ட் வேறு அலகிலும் வந்தால் எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது. இது அதிகம் இருப்பவர்கள் மாற்றக்கூடிய மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

சுகருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட்): 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-லிருந்து நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் இது கூட்டிக் காட்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை நினைவில் வையுங்கள். பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

ஈசிஜி நார்மல் என்ற சீட்டை நம்பி மற்ற சோதனைகளை விட்டுவிடுகிறார்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, இதய ரத்தக் குழாயில் பாதிக்கு மேல் அடைப்பு இருந்தாலும் சாதாரணமாக வரலாம்.

இனி பழக்கங்கள். 2016-இல் 55,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஒரு பெரிய ஆய்வில், மரபணு ஆபத்து அதிகம் உள்ளவர்களிலேயே புகைக்காமை, உடல் பருக்காமை, உடற்பயிற்சி, நல்ல உணவு என்ற நான்கில் மூன்றாவது இருந்தவர்களுக்கு, ஒன்றோ அதுவும் இல்லாமலோ இருந்தவர்களைவிட இதயத் தாக்கு 46% குறைவாக இருந்தது. “பரம்பரை, என்ன செய்ய முடியும்?” என்று சொல்பவர்களுக்கு நாங்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான். புகையிலையில் பேரமே கூடாது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவரின் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி வந்துவிடுகிறது. குறைத்துவிட்டேன் என்பது இதயத்துக்குப் போதாது.

ஒரே அடுப்பில் சாப்பிடுவதால் குடும்பத்தோடு சேர்ந்து வருவது மரபணு மட்டுமல்ல, உப்பும் எண்ணெயும்கூட. இதை ஆளாளுக்குக் கேட்பதைவிட மளிகைச் சீட்டில் பார்ப்பது எளிது. நான்கு பேர் வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்புத் தீர்ந்தால், தலைக்குத் தினம் 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்கு மேல். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்க வேண்டும். பாமாயிலில் பாதியளவும் தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும் நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல் அதிகம் உள்ள வீட்டில் தினசரிச் சமையலுக்கு இரண்டும் வேண்டாம். ட்ரைகிளிசரைடு அதிகம் என்றால் எண்ணெயைவிட முதலில் சோற்றின் அளவையும் சர்க்கரையையும் மதுவையும் பாருங்கள்.

உணவால் எல்டிஎல் ஓரளவுதான் இறங்கும். குடும்பவழி அதிகொழுப்பு உள்ளவர்களுக்கு ஸ்டாட்டின் மாத்திரை அவசியம். தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி டெஸ்ட் எடுப்பார்கள். எண் இறங்கியதும் “சரியாகிவிட்டது” என்று நிறுத்துவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பும். தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை முடிந்ததும் அந்தத் தாளை நகலெடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அதன் பின்பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடதுகைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் சோடா குடித்துப் பார்க்க வேண்டாம், இரண்டு சக்கர வண்டியில் கிளம்ப வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடவும், ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கச் சொல்லவும்.