எஸ்பிஎம் ஃபேமிலி கேஸ்: உணவுக் கணக்கை எப்படிப் படிப்பது?

எம்பிபிஎஸ்ஸில் ஊட்டச்சத்துக்கென்று தனிப் பேப்பர் கிடையாது. வைட்டமின்கள் பயோகெமிஸ்ட்ரியில் வரும், கலோரிக் கணக்கு எஸ்பிஎம்மில் (சமூக மருத்துவப் பாடம்), குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பீடியாட்ரிக்ஸில், சர்க்கரை நோயாளியின் சாப்பாடு மெடிசினில். இதையெல்லாம் கோத்துத் தர யாரும் வரமாட்டார்கள், நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடிபட்டது ஃபேமிலி கேஸுக்காக, அதாவது ஒரு குடும்பத்தின் உடல்நலத்தையும் சாப்பாட்டையும் நேரில் விசாரித்து எழுதும் பயிற்சிக்காக, வீடுகளுக்குப் போனபோதுதான். பிராக்டிகலுக்குத் தயாராகும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எண்கள். சீனியர்களின் பழைய நோட்ஸை நம்பாதீர்கள், ஐசிஎம்ஆர்-என்ஐஎன் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) 2020 பரிந்துரையைப் படியுங்கள். அதில் மாதிரி ஆணின் எடை 65 கிலோ, பெண்ணின் எடை 55 கிலோ. உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கிலோ கலோரி, பெண்ணுக்கு 1660. மிதமான உழைப்பு என்றால் 2710, 2130. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். கர்ப்பிணிக்குக் கூடுதலாக 350 கிலோ கலோரி, பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தடுமாறாமல் இருக்க இவை மனப்பாடமாக இருந்தால் போதும்.

அடுத்தது 24 மணி நேர ரீகால், அதாவது முந்தைய நாள் முழுக்க என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுவது. மார்க் போவதும் இங்கேதான், உண்மையில் கற்றுக்கொள்வதும் இங்கேதான். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் "சோறு, சாம்பார்தான்" என்று பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வராதீர்கள். பருப்பு அள்ளும் டம்ளரையே எடுத்துவரச் சொல்லி, எத்தனை டம்ளர் போட்டார்கள் என்று கேளுங்கள். பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் புரதம் சுமார் 22 கிராம், ஆளுக்கு ஐந்தரை. "பருப்பு இல்லாம ஒரு நாளும் இல்லப்பா" என்று சொல்லும் அந்த அம்மாவின் ஒரு நாள் தேவையோ 46 கிராம்! அரிசியிலிருந்து கொஞ்சம் வரும், சரி. மீதி முட்டை, பால், சுண்டல், மீன் எதிலிருந்து வருகிறது என்று துருவிக் கேட்க வேண்டும்.

எண்ணெயையும் உப்பையும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, மாதக் கணக்காகக் கேளுங்கள். அதே வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு தீர்ந்தால் ஆளுக்குத் தினம் எட்டு கிராமுக்கு மேல் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வராது. வீட்டில் ரத்தக் கொதிப்பு உள்ளவர் இருந்தால் இந்த ஒரு எண்ணை வைத்தே கேஸை நன்றாகப் பேசலாம்.

கன்சம்ப்ஷன் யூனிட் (உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணின் கலோரித் தேவையை ஒன்றாக வைத்து மற்றவர்களின் தேவையை அளப்பது) அட்டவணையைப் போட்டுப் பழகிவிடுங்கள், அது இயந்திரக் கணக்குதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மொத்த உணவை யூனிட்டால் வகுத்தால் வீட்டின் சராசரி கிடைக்குமே தவிர, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணின் தட்டில் என்ன இருந்தது என்று தெரியாது. அதைத் தனியாகக் கேளுங்கள், எழுதுங்கள். ரத்தசோகை இருக்கும் வீட்டில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அப்புறம் ஆலோசனைப் பகுதி. "சத்தான உணவு சாப்பிடச் சொல்வேன்" என்பதெல்லாம் ஒரு பதிலே இல்லை. எதை, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். கர்ப்பிணி இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறாரா, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறாரா என்று விசாரியுங்கள். இரண்டுமே இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் உதவும். சர்க்கரை நோயாளிக்குச் "சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் தவறு. 100 கிராம் அரிசியும் 100 கிராம் கோதுமை மாவும் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான். எத்தனை சப்பாத்தி, கூடத் தொட்டுக்கொள்ள எவ்வளவு காய், எவ்வளவு பருப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர் ரேஷனிலும் சந்தையிலும் வாங்கக்கூடிய பொருளாக அது இருக்கட்டும்.