நால்வர் எழுதிய ஒரு கட்டுரை

தருமபுரியில் இளங்கலைப் பொருளியல் படித்தபோது கட்டுரையாக்கத்தை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்வார்கள் என்றே வகுப்பில் எல்லாரும் எண்ணியிருந்தோம். ஆனால் பேராசிரியர் முதல் வாரத்திலேயே பல துறை மாணவர்களைக் கலந்து நால்வர் நால்வராகப் பிரித்துவிட்டு, பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு குழுவும் இந்த மாவட்டத்தைப் பற்றி ஒரே ஒரு நீண்ட கட்டுரையைச் சேர்ந்து எழுத வேண்டும் என்று அறிவித்தார்.

எங்கள் குழுவில் வேதியியல் மாணவி ஒருவர், வரலாற்று மாணவர் ஒருவர், தமிழ் இலக்கிய மாணவி ஒருவர், பிறகு நான். குடிநீரில் கலந்து பற்களில் கறை உண்டாக்கும் ஃபுளோரைடு என்ற வேதிப்பொருளைப் பற்றி எழுதுவது என்று விரைவிலேயே முடிவாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்த யாருக்கும் இது புதிய செய்தியன்று. பள்ளி வகுப்பறையில் பற்களில் காவிக் கறை படிந்த பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் நாங்கள் படித்தோம். பாறை நிறைந்த இந்த மண்ணில், பாறைக் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. அந்த நீருக்கு மாற்றாகக் காவிரி நீரை ஊர்களுக்குக் கொண்டுவரவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்வளவும் எங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் கட்டுரை எளிதாக அமைந்துவிடும் என்று நம்பினோம்.

பேராசிரியர் வகுத்த முறை கடினமானது. ஒருவர் எழுதிய வரைவை இன்னொருவர் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. முதல் வாசிப்பில் யாரும் திருத்தம் சொல்லக் கூடாது, கேள்வி மட்டுமே கேட்கலாம். அடுத்த வரைவை, முதலில் எழுதியவரிடம் தராமல் வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் நடந்தது. பிறகு கூகுள் டாக்ஸுக்கு மாறினோம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்கள் அங்கே ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறியதும், அவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஒரு மாலைப் பொழுது போனதும் தனிக் கதை.

என் வரைவில், ஃபுளோரைடு நச்சால் மக்கள் சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்துள்ளனர் என்று ஒரு வரி இருந்தது. படித்து முடித்ததும் வேதியியல் மாணவி, “துயரத்தில் இருப்பதாக உங்களிடம் சொன்னவர் யார்?” என்று கேட்டார். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லை. ஆய்வகத்தில் ஓர் அளவீட்டைச் சரிபார்ப்பவர் கேட்பதுபோல் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நால்வரும் பேருந்து ஏறினோம்.

அங்கே ஒரு வீட்டில் பாட்டி ஒருவரின் மகனுக்குப் பற்களில் கறை இருந்தது. அவருடைய மனைவி, திருமணமான நாள் முதல் பல ஆண்டுகள் அதே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர். அவருடைய பற்களோ வெண்மையாக இருந்தன. கறைக்குத் தண்ணீரே காரணம் என்று எழுதிவிட்டு இந்தக் காட்சியை எப்படி விளக்குவது? வேதியியல் மாணவி நூலகத்தில் தேடி விடை கொண்டுவந்தார். ஈறுக்குள் பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் மிகையான ஃபுளோரைடு உடலில் சேர்ந்தால்தான் பல்லின் மேற்பூச்சில் கறை தோன்றும். பல் முளைத்து முதிர்ந்தபின் அதே நீரைக் குடிப்பவருக்கு அது தோன்றாது. அந்தப் பெண் பிறந்து வளர்ந்தது காவிரிக் கரையோரம். ஆகவே ஒருவரின் பல்லைப் பார்த்து, இன்று அவர் குடிக்கும் நீரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. சிறு வயதில் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்பதையே ஊகிக்க முடியும். இது தெரிந்த பிறகு கட்டுரையின் வரிசையே மாறிற்று. வரலாற்று மாணவர், திட்டத்தின் வரலாற்றை நடுப்பகுதிக்குத் தள்ளிவிட்டு, கணவனும் மனைவியும் ஒரே குடத்து நீரைக் குடித்த அந்த வீட்டை முதலில் வைத்தார்.

அடுத்த வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கும்போது முதலில் சுவரைப் பற்றிக்கொண்டார், பிறகே காலைக் கீழே வைத்தார். ஃபுளோரைடு எலும்பையும் மூட்டையும் தாக்கும் என்பது உண்மை. ஆனால் முதுமையில் மூட்டு வலிக்குப் பல காரணங்கள் உண்டு. அவரை எந்த மருத்துவரும் அதற்காகப் பரிசோதித்திருக்கவில்லை. இரண்டு நாள் வாதத்துக்குப் பிறகு, அவர் இறங்கிய விதத்தை மட்டும் எழுதி, காரணம் எதையும் சொல்லாமல் விட்டோம். என் எழுத்து மாறிய இடம் எது என்று கேட்டால் இந்த வரியைத்தான் காட்டுவேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லி, தெரியாததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளும் துணிவு எனக்கு அங்கேதான் வந்தது. தனியாக எழுதியிருந்தால் அலங்காரமான ஒரு சொல்லால் அந்த இடைவெளியை நிரப்பியிருப்பேன்.

முதல் வீட்டுப் பாட்டி நாங்கள் புறப்படும்போது, “எழுதிட்டு அப்படியே போயிடாதீங்க கண்ணு, ஒருக்கா வந்து படிச்சுக் காட்டுங்க” என்று சொல்லியிருந்தார். கட்டுரை முடிந்ததும் சென்று அந்தத் திண்ணையிலேயே படித்தோம். வடிகட்டிகள், நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது என்ற செய்தி, குடிநீருக்கு லிட்டருக்கு 1 மில்லி கிராம் என்ற இந்தியத் தர அளவு, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லி கிராம் வரை ஏற்கப்படும் என்ற விதிவிலக்கு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், ஓர் இடத்தில் கையை உயர்த்தினார். “அப்பாவி மக்கள்னு போட்டிருக்கீங்களே, அது வேணாம் கண்ணு. நாங்க தண்ணிக்காக மறியல் பண்ணுனவங்க.” இலக்கிய மாணவி அங்கேயே அந்தச் சொல்லை அடித்தார், மறியலைப் பற்றிப் பாட்டி சொன்னதை வரலாற்று மாணவர் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டார். கட்டுரையில் ஒரு முழுப் பத்தி அதனால் கூடியது.

பருவ இறுதியில், கட்டுரையில் தன் பங்கு எது என்று ஒவ்வொருவரும் தனிக் குறிப்பு எழுதித் தர வேண்டியிருந்தது. கூகுள் டாக்ஸின் திருத்த வரலாற்றைத் திறந்து முதல் பத்தியைப் பின்னோக்கிப் பார்த்தேன். அதன் வாக்கியங்களில் பெரும்பாலானவை நான் எழுதியவை. அவற்றை எழுத வைத்த கேள்வி வேதியியல் மாணவியுடையது. அது முதல் பத்தியானது வரலாற்று மாணவரின் முடிவு. ஓசை இடறிய இடங்களைச் சீர்செய்தவர் இலக்கிய மாணவி. அதிலிருந்த ‘அப்பாவி’ என்ற சொல்லை நீக்கச் செய்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி. குறிப்பில் இதை இப்படியே எழுதி, பாட்டியையும் சேர்த்து ஐவர் என்று குறிப்பிட்டுக் கொடுத்தேன்.