சேலம் மொட்டைமாடியில் 2 மீட்டர் ஆன்டெனா: செய்வதும் சோதிப்பதும்

சேலத்தை எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் மலை. வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் பேண்ட், ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும். மலை விளிம்பில் பட்டுக் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். அதனால் இந்த ஊரில் ரேடியோ செட்டின் விலையைவிட ஆன்டெனா நிற்கும் இடத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

மலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். ஏற்காட்டோடு பேசுவதற்கு அது பொருந்தாது. கன்னங்குறிச்சியில் அடிவாரத்தை ஒட்டிய வீட்டிலிருந்து பார்த்தால் மலையின் சரிவுதான் தெரியும், மேலே இருக்கும் ஊர் தெரியாது. கொண்டலாம்பட்டி பக்கம் தள்ளிப் போனால் மேல் விளிம்பு நன்றாகக் கண்ணில் படும். ஏற்காட்டிலும் லேடீஸ் சீட் பக்கத்துச் சரிவில் இருப்பவருக்குச் சேலம் நேராகத் தெரியும். ஏரியைச் சுற்றியுள்ள பகுதி கிண்ணம் போன்ற பள்ளம். அங்கே மாடியில் பத்தடி பைப் நட்டாலும் விளிம்பைத் தாண்டாது.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி: மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் அமெச்சூர் உரிமமும் கால்சைனும் (அழைப்புக் குறியீடு) கையில் இல்லாமல், கேட்கலாம் என்று செட் வாங்கி பட்டனை அழுத்தக் கூடாது. ஆன்டெனாவைச் சோதிப்பதற்காக அலை அனுப்பினாலும் அது அனுப்புவதுதான்.

முதல் ஆன்டெனாவாகக் கால் அலை கிரவுண்ட் பிளேனைச் செய்யுங்கள்: நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி (நடுக்கம்பி), அதன் அடியிலிருந்து சுற்றிலும் விரியும் நாலு கம்பிகள் (ரேடியல்), அவ்வளவுதான். கடையில் ஃபைபர் குழாய்க்குள் வரும் நீள ஆன்டெனாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். தேவையானவை: நாலு ஓட்டை உள்ள எஸ்ஓ-239 சேசிஸ் கனெக்டர் ஒன்று, 3 மி.மீ. பித்தளைக் கம்பி சுமார் 3 மீட்டர் (கேஸ் வெல்டிங் சாமான் கடையில் பிரேசிங் ராடு என்று கேட்டால் கிடைக்கும்), 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட், நட்டு, ஸ்பிரிங் வாஷர் நாலு செட், முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு துண்டு, ஹோஸ் கிளாம்ப் ஒன்று. ஸ்டீல் பிளான்ட் உள்ள ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் கம்பி சுலபமாகக் கிடைக்கும். அரை மீட்டர் நீளத்தில் அதனால் வரும் இழப்பு கணக்கில் எடுக்கும் அளவு இல்லை. ஆனால் சாதாரண சால்டரிங் ஃபிளக்ஸில் அதன் மேல் ஈயம் ஒட்டாது. நடுக்கம்பிக்குப் பித்தளையே சரி.

145 மெகாஹெர்ட்ஸில் முழு அலை 2.07 மீட்டர், கால் அலை 51.7 செ.மீ. கம்பியின் முனை விளைவுக்காக 5 சதவீதம் கழித்தால் 49 செ.மீ. வரும். நடுக்கம்பியை 52 செ.மீ. வெட்டி ஆரம்பியுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. ரேடியல் நாலும் 51.5 செ.மீ., நுனியில் சிறு வளையம் செய்து கனெக்டரின் ஓட்டைகளில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வளையத்துக்குப் போகும் நீளம் இதில் சேராது. நடுக்கம்பியைக் கனெக்டரின் நடுமுனையில் ஈயம் வைக்க 25 வாட் அயர்ன் போதாது. பித்தளைக் கம்பி சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் உருண்டு நிற்குமே தவிர உள்ளே இறங்காது. 60 வாட்டுக்கு மேல் வேண்டும். கம்பியின் நுனியைப் உப்புத்தாளால் தேய்த்து முதலில் தனியாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள்.

ரேடியல்களை நேராகப் படுக்க வைத்தால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் (ரேடியோ அலை மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) சுமார் 36 ஓம். கேபிள் 50 ஓம். எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய சக்தி எந்த அளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.4க்குக் கீழே இறங்காது, எவ்வளவு வெட்டினாலும் இறங்காது. 45 டிகிரி கீழ்நோக்கி வளைத்தால் 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீளம் அலைவரிசையை மாற்றும், கோணம் எஸ்டபிள்யூஆரின் அடிமட்டத்தை மாற்றும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது எதை மாற்றியது என்று தெரியாமல் போய்விடும்.

அளப்பதற்கு ஆன்டெனாவை இரண்டு மீட்டர் மூங்கில் அல்லது பிவிசி கம்பில் தூக்கி நிறுத்தி, ஒரு மீட்டர் கேபிளில் நானோவிஎன்ஏவை (ஆன்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி) மாட்டுங்கள். அந்தக் கேபிளின் நுனியில் ஓபன், ஷார்ட், லோடு என்ற சோதனை முனைகள் மூன்றையும் போட்டு காலிபரேட் செய்த பிறகு 135 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். 52 செ.மீ. கம்பிக்கு எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் அடிப்புள்ளி 137 பக்கம் விழும். முதலில் 2 செ.மீ. தைரியமாக வெட்டலாம். அதன் பிறகு மில்லிமீட்டர் கணக்கு: ஒரு மி.மீ. குறைத்தால் சுமார் 0.3 மெகாஹெர்ட்ஸ் மேலே போகும். கடைசி 2 மி.மீட்டரை அரத்தால் தேயுங்கள். ஒவ்வொரு முறையும் ஓரிரு மீட்டர் தள்ளி நின்றுதான் எண்ணைப் படிக்க வேண்டும், நம் உடம்பும் அளவை மாற்றும். கேபிளைக் கையால் பிடித்தால் எண் ஆடுகிறது என்றால் கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது. ஆன்டெனாவுக்குக் கீழே நாலைந்து ஃபெரைட் கிளிப்புகளை ஒட்டி ஒட்டிப் போட்டால் அடங்கும்.

இனி கேபிள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் சுமார் 4 டெசிபல் தின்னும். செட்டிலிருந்து 25 வாட் கிளம்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 10 வாட். ஆர்ஜி-213 என்றால் 16 வாட், எல்எம்ஆர்-400 என்றால் 20 வாட். கேட்கும்போதும் இதே இழப்புத்தான். மேஜையில் இருக்கும் மீட்டர் இதை நமக்குச் சொல்லாது. அதைவிட மோசம், இழப்பு அதிகமானால் எஸ்டபிள்யூஆர் குறைந்து நல்ல எண்ணாகத் தெரியும். திரும்பி வரும் சக்தியையும் கேபிள் போகிற வழியிலும் வருகிற வழியிலும் தின்றுவிடுகிறது அல்லவா? 4 டெசிபல் இழக்கும் கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாமல் திறந்து விட்டாலும் கீழே மீட்டர் 2.3 என்றுதான் காட்டும். ‘ரெண்டுதான் இருக்கு, பரவாயில்லை’ என்று விட்டுவிடுகிற எண் அது.

அதனால் மேலே, ஆன்டெனாவின் அடியில் எடுத்த எண்தான் ஆன்டெனாவின் எண். கேபிளைத் தனியாகச் சோதிக்க வேண்டும்: மறுமுனையில் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் தடையான டம்மி லோடு போட்டுச் செட் பக்கத்தில் 1.1க்குள் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் லோடை எடுத்துவிட்டு அந்த முனையைத் திறந்தே வைத்து, செட் பக்கத்தில் நானோவிஎன்ஏவை மாட்டி ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்பி வரும் சக்தி எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்பது) பாருங்கள். அந்த டெசிபலில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. வாங்கிய கேபிளின் மேல் அச்சடித்த பெயரை நம்ப வேண்டியதில்லை, இந்த ஒரு அளவு போதும். மல்டிமீட்டரில் கேபிளின் நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் (வெளிப்பின்னல்) இடையே ‘பீப்’ அடிக்கக் கூடாது. அடித்தால் கேபிள் நுனியில் உள்ள பிஎல்-259 பிளக்கில் ஷீல்டின் ஒரு மயிரிழை நடுமுனையைத் தொடுகிறது. ஆனால் ஜே-போல், மடிப்பு டைபோல் வகை ஆன்டெனாக்கள் மாட்டியிருந்தால் பீப் அடிப்பதுதான் சரி, அவற்றின் அமைப்பே அப்படி.

டிவி டிஷ்ஷுக்குப் போட்டு மீந்த ஆர்ஜி-6 வேண்டாம். இழப்பு குறைவுதான், ஆனால் 75 ஓம், அலுமினியப் பின்னலில் ஈயமும் பிடிக்காது.

நிறுத்துவதற்கு ஒன்றேகால் இஞ்ச் பி கிளாஸ் ஜிஐ பைப் போதும், இந்த ஆன்டெனாவுக்கு எடையே இல்லை. மாடிப்படி அறையின் சுவரில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு பிராக்கெட், ஒவ்வொன்றுக்கும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட், பைப்புக்கு யூ கிளாம்ப். ஒற்றைச் செங்கல் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் அடிக்காதீர்கள், காற்றில் பைப் ஆட ஆட ஓட்டை அகன்றுவிடும். மேலே முக்கால் இஞ்ச் பிவிசியின் நுனியை 3 செ.மீ. ரம்பத்தால் பிளந்து, பிஎல்-259 பிளக்கை உள்ளே இறக்கி ஹோஸ் கிளாம்பால் இறுக்கினால் கேபிள் குழாய்க்குள்ளேயே இறங்கிவிடும், மழை படாது.

பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடக் கூடாது. பைப்பும் ஆன்டெனாவும் சேர்ந்த நீளத்தோடு 3 மீட்டர் கூட்டி, மின்கம்பியிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிப் பைப்பை நிறுத்துங்கள். இடம் இல்லையென்றால் பைப்பைக் குறையுங்கள். தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும், மூன்றாவது ஆள் மின்கம்பியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆங்கர் அடிப்பதற்கு முன் ஒரு வேலை. ஆன்டெனாவைக் கம்பில் பிடித்தபடி நீங்கள் அதிகம் பேசப்போகும் நிலையத்தைக் கேட்டுக்கொண்டே மாடியில் அரை மீட்டர் அரை மீட்டராக நகருங்கள். மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் சேரும், அடுத்த இடத்தில் ஒன்றை ஒன்று அழிக்கும். இரைச்சலோடு வரும் குரல் ஒரு அடி தள்ளினால் தெளிவாகிற இடங்கள் இருக்கின்றன. தகரக் கொட்டகையும் தண்ணீர் நிரம்பிய டேங்கும் ஒரு மீட்டருக்குள் இருந்தால் டியூனிங்கே மாறும்.

பிளக்கின் மேல் முதலில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் கறுப்பு பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று படிய. வினிகர் வாசம் வரும் சிலிக்கான் பசை செம்பை அரிக்கும், நியூட்ரல் வகை வாங்குங்கள். ஜன்னலுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சித்திரை வைகாசியில் இங்கே கோடை மழை இடியோடுதான் வரும். ஜிஐ பைப்புக்குத் தனி எர்த் போட்டு, வீட்டின் பிரதான எர்த்தோடு தடிமனான கம்பியால் கட்டாயம் இணைக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக விட்டால் மின்னலின்போது அவற்றுக்கு இடையே மின்னழுத்த வித்தியாசம் வரும், அது பாயும் வழி உங்கள் செட். செட்டிச்சாவடி, கோரிமேடு பக்கம் கடப்பாரை கொஞ்சம் இறங்கியதும் கல் தட்டும். இரண்டரை மீட்டர் ராடு இறங்காத இடத்தில் ஆழம் குறைந்த இரண்டு மூன்று குழிகளைத் தள்ளித் தள்ளி எடுத்து இணையுங்கள், எர்த் டெஸ்டரில் 10 ஓமுக்குக் கீழே வர வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேஸ் டியூப் அரெஸ்டர் (மின்னல் அழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்) போட்டு அதே எர்த்தில் கட்டுங்கள். இவ்வளவு செய்தாலும் நேரடி இடியிலிருந்து செட் தப்பும் என்று சொல்ல முடியாது. மேகம் கூடினால் ஆன்டெனா கேபிளின் பிளக்கைச் செட்டிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். செட்டுக்குப் பக்கத்திலேயே போட்டால் கழற்றியதில் பயனில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு, யாரையும் தொந்தரவு செய்யாமல் கேட்டுப் பார்க்க ஒரு வழி: சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் பல சமயம் டேட்டா பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும், ‘கர்ர்’ என்ற சிறு சிறு ஒலித்துணுக்குகளாக. கடந்து போகும் நேரத்தை ஆப்பில் பார்த்து ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடைக்கும் வசதி) திறந்து வையுங்கள். டாப்ளர் விளைவால், அதாவது நிலையத்தின் வேகத்தால், அலைவரிசை வரும்போது சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் போகும்போது அதே அளவு கீழேயும் நகரும். வடக்கில் சேர்வராயன் அஞ்சாறு டிகிரி மறைப்பதால் அந்தத் திசையில் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும். நேர் உச்சியில் வரும்போது ஒலி குறைந்தால் கவலை வேண்டாம், நிற்கும் கம்பிக்கு மேல்நோக்கிக் காது கிடையாது.

ஏற்காட்டில் வைப்பவர்களுக்குக் கூடுதலாக இரண்டு. விளிம்பில் வீடு இருந்து சேலத்தோடு பேச வேண்டுமானால் அதிக கெயின் உள்ள நீள ஆன்டெனா எதிர்மாறாக வேலை செய்யும். அதன் கற்றை தட்டையாகித் தொடுவானத்தை நோக்கிப் போகும், அடிவாரமோ நன்றாகக் கீழே இருக்கிறது. தூரத்து ஊர்களுக்கு அது நல்லது, கன்னங்குறிச்சிக்கு இந்தக் கால் அலையே மேல். இரண்டாவது குரங்கு. தொங்கும் கேபிளைப் பிடித்து ஆடும், டேப்பைப் பிரித்துப் பார்க்கும். தரையிலிருந்து கனெக்டர் வரை கன்ட்யூட்டுக்குள் விட்டு, அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப் அடித்தால்தான் தாங்கும்.

பைப் நிமிர்த்திய அன்று ஆன்டெனா அடியில் வந்த எஸ்டபிள்யூஆர், செட் பக்கத்து எஸ்டபிள்யூஆர், கேபிள் இழப்பு மூன்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி எடுங்கள். செட் பக்கத்து எண் 1.5இலிருந்து 1.2க்கு இறங்கியிருந்து, வழக்கமாகக் கேட்கும் நிலையம் மங்கியிருந்தால் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேல் பிளக்கை வெட்டி எடுத்துப் பின்னலைப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே வர வேண்டும். இரண்டு மீட்டர் வெட்டியும் தெரியவில்லையென்றால் கேபிளை மாற்றுங்கள்.