உள்ளே வைத்த பட்டு கரைகிறதா? அல்ட்ராசவுண்டில் அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

வெண்பட்டு நெய்கிற சேலத்தில், பசை எடுத்த நூலை விரலில் உருட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். ஆய்வுக்காக எலியின் தோலுக்கடியில் வைத்த பட்டு ஸ்பாஞ்சை (பட்டுப் புரதத்தில் செய்த, துளைகள் நிறைந்த பஞ்சு) அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது, ஸ்கேன்தான் வழி. ஆனால் படம் மங்கினாலே பட்டு கரைந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

பாதித் தவறு ஸ்பாஞ்ச் செய்யும்போதே நடந்துவிடுகிறது. நறுக்கிய பட்டுக்கூடு 5 கிராமை, 2 லிட்டர் தண்ணீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட் போட்டு 30 நிமிடம் கொதிக்க வையுங்கள். காய்ந்த பிறகு எடையில் கால் பங்காவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் செரிசின் என்ற பட்டுப் பசை மிச்சம் இருக்கிறது, உடம்புக்குள் வீக்கம் வரும். பிறகு 9.3 மோலார் லித்தியம் புரோமைடில், 60 டிகிரியில் 4 மணி நேரம் கரைத்து, 48 மணி நேரம் டயாலிசிஸ், அதாவது சவ்வுப் பையில் ஊற்றித் தண்ணீரில் வைத்து லித்தியம் புரோமைடை வெளியேற்றுவது. இதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் கரைசலைக் கட்டியாக்கிவிடலாம். 8 சதவீதக் கரைசல் 2 மி.லி.க்கு 4 கிராம் உப்புப் பரல். ஒரு நாள் இறுகவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை எடுங்கள். இப்படித் தண்ணீர் முறையில் செய்தது எலிக்குள் 2 முதல் 6 மாதத்தில் கரையும். தண்ணீருக்குப் பதில் எச்.எஃப்.ஐ.பி. என்ற கரிமக் கரைப்பானில் செய்தது ஒரு வருடம் தாண்டியும் நிற்கும். எதை வைத்தோம் என்று தெரியாமல் ஸ்கேன் நாள் குறிக்காதீர்கள்.

அடுத்து காற்று. துளைக்குள் ஒரு குமிழி இருந்தாலும் திரையில் வெள்ளைப் பொட்டும், அதன் கீழே கறுப்பு நிழலும் விழும். சலைன் (உப்புநீர்) நிரப்பிய சிரிஞ்சுக்குள் ஸ்பாஞ்சைப் போட்டு, நுனியை விரலால் அடைத்து, பிஸ்டனைப் பின்னுக்கு இழுங்கள். சரசரவென்று குமிழிகள் ஏறும். விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே இருந்தால், மிதந்த ஸ்பாஞ்ச் அடியில் போய் உட்காரும். உட்கார்ந்தால்தான் எலிக்குள் வைக்கத் தயார். அறுவையின்போது நுழைந்த காற்று அடங்க சில நாள் ஆகும் என்பதால், ஒப்பிடுவதற்கான முதல் படத்தை ஒரு வாரம் கழித்து எடுப்பதே நல்லது.

40 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்டில் அலைநீளம் சுமார் 0.04 மி.மீ., தோலடி ஸ்பாஞ்சுக்குத் தாராளம். முடியை முழுதாக எடுத்துவிட்டு ஜெல்லைத் தடியாக வையுங்கள். புரோப் (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவி முனை) அழுத்தினால் ஸ்பாஞ்ச் நசுங்கி, தடிமன் குறைந்ததாகக் காட்டும். கெயினும் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஃபோகஸும் முதல் நாள் வைத்ததுதான், கடைசி நாள்வரை தொடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே அகர் கட்டியையும் ஸ்கேன் செய்து, அதன் வெளிச்சத்தோடு ஒப்பிடுங்கள்.

பட்டு கரையக் கரையத் திசு உள்ளே வளர்வதால், கனஅளவு மாறாமலே பட்டு பாதி போயிருக்கலாம். அதனால் கனஅளவு, வெளிச்சம் இரண்டையும் எழுதுங்கள். சாயம் ஏற்றினால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைக்க வேண்டாம். பட்டு இருக்கும்போதே சாயம் தனியாகக் கழன்றுவிடலாம். எம்.ஆர்.ஐ.க்காக இரும்பு ஆக்சைடு கலந்தால் நேர்மாறு: பட்டு போன பிறகும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த இரும்பை விழுங்கி வைத்திருக்கும், கறுப்பு அப்படியே தெரியும். 4, 8, 12 வாரங்களில் சில எலிகளின் திசுவையாவது வெட்டி, சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். எந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு பட்டு மிச்சம் என்று அப்போதுதான் தெரியும். அந்த எலிகளின் எண்ணிக்கையை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.