கனடாவுக்கு வந்து ஹிப் குழுவைக் கேட்ட கதை

ரொறன்ரோப் பக்கம் எந்தக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனாலும் கூரைக்குக் கிட்ட ஒரு பழைய வானொலிப் பெட்டி தொங்கும். நான் வந்த புதிதில் வேலை செய்த இடத்தில் அது எப்போதும் கியூ 107 தான். யாரும் மாற்றக்கூடாது. லெட் செப்பலின், பிங்க் ஃபுளொயிட் எல்லாம் பெயரளவிலாவது எனக்குத் தெரியும். ஆனால் இடையிடையே இன்னொரு குரல் வரும். பாடுகிறாரா, யாரிடமோ முறையிடுகிறாரா என்று பிடிபடாத, கொஞ்சம் நடுங்குகிற ஆண் குரல். அது வந்தால் போர்க்லிஃப்ற் ஓட்டுகிறவர்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். சிலர் கூடவே பாடுவார்கள்.

கனடாவின் வணிக வானொலிகள் போடும் வெகுசனப் பாடல்களில் குறைந்தது 35 வீதம் உள்நாட்டுப் பாடல்களாக இருக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பக்கத்தில் அமெரிக்கா இருக்கும்போது அப்படி ஒன்று இல்லாவிட்டால் இங்குள்ளவர்களின் குரல் எங்கே கேட்கப்போகிறது? அந்த விதியால்தான் இந்தப் பாட்டுகள் இவ்வளவு போகின்றன என்று முதலில் நினைத்தேன். எங்கள் மேற்பார்வையாளர் சிரித்தார். "விதி இல்லாவிட்டாலும் ஹிப்பைப் போடத்தான் வேணும், இல்லையென்றால் சனம் ஸ்ரேஷனுக்கே போய்விடும்" என்றார்.

ட்ராஜிக்கலி ஹிப். சுருக்கமாக ஹிப். 1984இல் ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரில் தொடங்கிய ரொக் குழு. 1986இலிருந்து கடைசிவரை அதே ஐந்து பேர்: பாடகர் கோர்ட் டௌனி, கிற்றார் ரொப் பேக்கரும் போல் லாங்லுவாவும், பேஸ் கோர்ட் சின்கிளேயர், டிரம்ஸ் ஜொனி ஃபே. எங்கள் ஊர்த் திருவிழாக்களுக்கு வந்த பாட்டுக் கோஷ்டிகளில் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஆள் பிரிந்து புதுக் கோஷ்டி தொடங்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முப்பது வருசம் ஐந்து பேர் சண்டை பிடிக்காமல் ஒன்றாய் இருந்ததே பெரிய அதிசயமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இவர்கள் எடுபடவே இல்லை. 1995இல் அங்கே பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சியான சற்றர்டே நைற் லைவ்வில் பாடியும் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே இங்குள்ளவர்களுக்கு ஒரு பெருமை. வெளியில் தெரியாத, தங்களுக்கு மட்டும் சொந்தமான ஒன்று.

பாட்டுகளின் கதை எனக்கு மதிய சாப்பாட்டு மேசையில்தான் கிடைத்தது. "ஃபிஃப்ரி மிஷன் கேப்" என்ற பாட்டில் வரும் பில் பரில்கோ, 1951இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணிக்குக் கிண்ணத்தை வென்று கொடுத்த கோலை அடித்தவர். அதே கோடையில் மீன்பிடிக்கப் போன இடத்தில் விமானத்தோடு காணாமல் போனார். உடல் கிடைத்தது 1962இல். இடைப்பட்ட காலத்தில் லீஃப்ஸ் ஒரு கிண்ணமும் வெல்லவில்லை, அந்த 1962இல்தான் திரும்ப வென்றது. இதைச் சொல்லும்போது எங்களோடு வேலை செய்த, சட்பரி என்ற ஊர்க்காரர் ஒருவர் ஏதோ தன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்துவார்.

"வீற் கிங்ஸ்" இன்னொரு மாதிரி. டேவிட் மில்கார்ட் என்ற பெடியன் செய்யாத கொலைக்காகப் பதின்ம வயதில் பிடிபட்டு, 23 வருசம் சிறையில் இருந்து, 1992இல் வெளியே வந்தான். 1997இல் மரபணுப் பரிசோதனை அவன் குற்றவாளி இல்லை என்று காட்டியது. மேசையில் இருந்தவர்கள் இந்தக் கதையை எனக்கு மிகக் கவனமாக, இடையிடையே நிறுத்தி விளக்கினார்கள். விசாரணை இல்லாமல் வருசக்கணக்காக உள்ளே இருந்த பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டு எனக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது என்று அவர்களிடம் சொல்லவில்லை.

2016 மே 24, செவ்வாய்க்கிழமை. விக்ரோரியா நாள் நீண்ட வார இறுதி முடிந்து எல்லோரும் சோம்பலாக வந்திருந்தோம். காலையிலேயே செய்தி வந்துவிட்டது: டௌனிக்கு மூளையில் புற்றுநோய், குணப்படுத்த முடியாத வகை. ஆனாலும் கோடையில் நாடு முழுக்கச் சுற்றிப் பாடப் போகிறார்கள். அன்றைக்கு வானொலியில் வேறு பாட்டே இல்லை. ஆறடி உயர ஆட்கள் சரக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்ததைப் பார்த்து நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்கானரைத் தட்டிக்கொண்டிருந்தேன். எம்.ஜி.ஆர். இறந்தபோது யாழ்ப்பாணத்தில் சனம் அழுததை அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் இங்கே ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார், பாட வருகிறேன் என்று சொல்கிறார். இதற்கு எப்படி முகம் கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ரிக்கெற் விற்பனையைப் பற்றிச் சொன்னால் இன்னும் சிலருக்குக் கோபம் வரும். நிமிடக் கணக்கில் தீர்ந்து, மறுவிற்பனையில் பல மடங்கு விலைக்கு வந்தன. மனிதர் கையை வைக்குமுன் தானியங்கி மென்பொருட்கள் அள்ளிவிட்டன. அந்தக் கொதிப்பு ஒன்ராறியோவில் 2017இல் ரிக்கெற் விற்பனைக்குத் தனிச் சட்டம் வரும்வரை போனது. எங்கள் இடத்தில் இரண்டு பேருக்குக் கிடைத்தது. மேற்பார்வையாளருக்கு ஓகஸ்ற் 12 ரொறன்ரோ நிகழ்ச்சி. சட்பரிக்காரருக்கு 16ஆம் திகதி ஹமில்ரன்.

இரண்டு பேரும் திரும்பி வந்து சொன்னதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் நல்லாயிருந்தது, இல்லை என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். மேற்பார்வையாளர் சொன்னது மேடையைப் பற்றி. அவ்வளவு பெரிய அரங்கில் ஐந்து பேரும் நடுவில் நெருக்கி நின்றுதான் தொடங்கினார்களாம், வீட்டுக் கராஜில் பழகுகிறவர்கள் மாதிரி. ஒரு தொகுப்பிலிருந்து நாலு பாட்டு, பிறகு அடுத்த தொகுப்பு என்று வரிசையாகப் போனார்களாம். டௌனி மினுங்குகிற உலோக நிறக் கோட்டுச் சூட்டும் இறகு செருகிய தொப்பியுமாக வந்தார். "சாகப்போகிற மனிசன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உடுத்து வந்தான்" என்றார் மேற்பார்வையாளர். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

சட்பரிக்காரர் கறாரான ரசிகர். குரல் இரண்டு இடத்தில் பிசகியது, புதுப் பாட்டுகள் வந்தபோது பாதிச் சனம் பியர் வாங்கப் போனது, சத்தக் கலவை சரியில்லை என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு அவர் சொன்ன விஷயம்தான் எனக்கு இந்தக் குழுவையே விளக்கியது.

டௌனி பழைய காலத்தில் மேடையில் பாட்டை எழுதி வைத்தபடியே பாடுகிறவர் இல்லை. நடுவில் நிறுத்தி, இசை போய்க்கொண்டிருக்க, அந்த இடத்திலேயே ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொல்வார். "நியூ ஓர்லியன்ஸ் இஸ் சிங்க்கிங்" பாட்டின் நடுப்பகுதி அதற்கென்றே விடப்பட்ட வெளி. 1991இல் லொஸ் ஏஞ்சலீஸில் ஒரு மேடையில், திமிங்கிலத் தொட்டியைச் சுத்தம் செய்கிற வேலைக்காரன் ஒருவனின் கதையை அப்படிச் சொன்னார். அந்த ஒலிப்பதிவை ரசிகர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பின்னாளில் பிரபலமான "நோட்டிக்கல் டிசாஸ்ரர்", "அஹெட் பை எ செஞ்சரி" போன்றவை முதலில் முளைத்ததே அந்த இடைவெளியில்தான். எனவே ஒரே சுற்றில் நாலு ஊருக்குப் பின்னால் போகிறவர்கள் இருந்தார்கள். நாளைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் கச்சேரி பார்ப்பது வேறு வகை. 2013இல் ரோஜர்ஸ் சென்ரரில் இளையராஜா வந்தபோது போன சொந்தக்காரர்களிடம் கேட்டால், "அப்படியே கசற்றில கேட்ட மாதிரி இருந்தது" என்பதுதான் உச்சப் பாராட்டு. ஒரு புல்லாங்குழல் துண்டு மாறினாலும் எங்கள் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஹிப் ரசிகர்களுக்கு இசைத்தட்டில் கேட்டதையே கேட்டால் காசு வீண்.

அப்படிப்பட்ட டௌனியின் நினைவைத்தான் நோயும் சிகிச்சையும் அரித்திருந்தன. முப்பது வருசம் பாடிய தன் வரிகளே தங்கவில்லை. 2016 சுற்றில் மேடையில் சுற்றிவர எழுத்துத் திரைகள் வைத்து, அதைப் பார்த்துப் பாடினார். இட்டுக்கட்டிய கதைகள் போய்விட்டன. "எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது" என்றார் சட்பரிக்காரர். "ஆனால் பார், அவன் ஒரு வரியைத் தவறவிட்டால் நாங்கள் ஆயிரக்கணக்கான பேர் அந்த வரியைப் பிடித்துக் கொடுத்தோம். அவன் சிரித்துக்கொண்டு அடுத்த வரியில் ஏறிவிடுவான்."

கடைசி நிகழ்ச்சி ஓகஸ்ற் 20, அவர்களின் சொந்த ஊரான கிங்ஸ்ரனில். கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சீ.பீ.சீ. ரியோ ஒலிம்பிக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, இரவு 8.30இலிருந்து விளம்பரமே இல்லாமல் முழுவதையும் நேரடியாகக் காட்டியது. 1 கோடியே 17 இலட்சம் பேர் பார்த்தார்கள், நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஊர் ஊராகப் பூங்காக்களிலும் சந்தைச் சதுக்கங்களிலும் திரை கட்டினார்கள். மேற்பார்வையாளர் ஒஷாவாவில் தன் வீட்டுப் பின்வளவில் படுக்கை விரிப்பைக் கட்டி புரொஜெக்ரரை வைத்தார். மனைவி பொரித்துத் தந்த மீன் கட்லற்றைக் கொண்டு நானும் போனேன். கட்லற் முதல் மூன்று பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

தொடக்கமே பரில்கோ பாட்டு. பின்வளவு முழுக்க ஒரே குரலில் பாடியது. எனக்கு மெட்டுத் தெரியும், வரிகள் அரைகுறை. பக்கத்தில் இருந்த பெண் ஒவ்வொரு வரியையும் அரை நொடி முந்திச் சொல்லித் தந்தாள், திரையில் டௌனிக்கு எழுத்துத் திரை செய்த வேலையை எனக்குச் செய்வதாகச் சொல்லிச் சிரித்தாள். மொன்றியலிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த இன்னொருத்தி மட்டும் கதிரையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுக் குடும்பம். "எங்கள் வீட்டில் இவர்களை யாரும் கேட்டதில்லை, எங்களுக்கு வேறு பாடகர்கள்" என்றாள். முழு நாட்டின் குழு என்று அன்றைக்குத் தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருந்ததால், அவள் சொன்னதும் காதில் விழுந்தது நல்லது என்று நினைக்கிறேன்.

"கிரேஸ், ரூ" பாட்டின் முடிவில் டௌனி கத்தினார். பாட்டில் உள்ள கத்தல் இல்லை. ஒலிவாங்கியை விட்டு விலகி, முகம் கோணி, அழுதபடி. பின்வளவில் யாரும் பாடவில்லை. அதுவரை இது ஒரு கொண்டாட்டம் என்று எல்லோரும் தங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த இடத்தில் உடைந்தது. பிற்பாடு வேலையில் எத்தனையோ தரம் இந்த நிகழ்ச்சியைக் கதைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் வேறு வேறு பாட்டைச் சொல்வார்கள், ஆனால் இந்தக் கட்டத்தை மட்டும் யாராவது தொடங்கினால் மற்றவர்கள் கதையை மாற்றிவிடுவார்கள்.

பார்வையாளரில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ டெனிம் ஜக்கெற்றோடு இருந்தார். டௌனி அவரைப் பெயர் சொல்லிப் பேசினார். வடக்கில் வாழும் பூர்வகுடி மக்களைப் பற்றி. அங்கே நடப்பதைக் கவனிக்காமல் இருக்கவே இந்த நாட்டில் வாழ்நாள் முழுக்கப் பழக்கப்பட்டிருக்கிறோம் என்றார். இதைச் சரிசெய்ய இவர் உதவுவார் என்று எல்லார் முன்னாலும் பிரதமரைப் பொறுப்பாக்கினார். பின்வளவில் சிலர் கைதட்டினார்கள், ஒருவர் "பாட்டைப் பாடுங்கோப்பா" என்ற தொனியில் முணுமுணுத்தார். இரண்டு மாதத்தில் டௌனி, 1966இல், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளி ஒன்றிலிருந்து தப்பி வீட்டுக்கு நடந்தே போகப் பார்த்து ரயில் பாதையோரம் குளிரில் இறந்த 12 வயதுச் சிறுவன் சானி வென்ஜாக்கைப் பற்றித் தனியாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். நான் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் வதிவிடப் பள்ளிகளுக்குச் சில வரிகள் இருந்தன. படித்தேன், மறந்தேன். அந்தப் பெடியனின் பெயர் மறக்கவில்லை.

டௌனி 2017 ஒக்ரோபர் 17ஆம் திகதி இரவு காலமானார், மறுநாள் காலை செய்தி வந்தது. ட்ரூடோ கமராக்களுக்கு முன் அழுதார். எங்கள் களஞ்சியத்தில் அன்றும் சரக்கு ஏறியது, வானொலி மட்டும் காலையிலிருந்து ஹிப்.

இப்போது வேறு இடத்தில் வேலை. கோடையில் நாங்கள் நாலு குடும்பம் கவார்த்தா ஏரிப் பக்கம் மீன்பிடிக்கப் போவோம், ஸ்காபரோத் தமிழர் பாதிப் பேர் அங்கேதான் தூண்டில் போடுகிறார்கள். ஒருமுறை பொப்கேஜன் என்ற சின்ன ஊரில் நிறுத்தினேன். அங்கே கால்வாய்க் கதவு திறந்து படகுகள் ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அந்த ஊரின் பெயரில் ஹிப்புக்கு ஒரு பாட்டு இருக்கிறது, இரவில் விண்மீன்கள் ஒவ்வொன்றாய்த் தெரிவதைப் பற்றி. ஊர்ப் பலகையை நான் படம் எடுக்க, நண்பன் கார்க் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன மச்சான், இஞ்ச ஆரும் சொந்தக்காரரோ?"

"இல்லையடா, ஒரு பாட்டு."

காரில் போட்டுக் காட்டினேன். அவன் ஒரு நிமிடம் கேட்டான். "ஆள் ஏதோ கதைக்கிறான் மாதிரிக் கிடக்கு" என்றான். பின் இருக்கையிலிருந்து அவன் மகள், கிரேட் ஆறு படிக்கிறவள், அடுத்த வரியைப் பாடினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததாம்.