அண்ணன் என் பேரைக் கொடுத்திருக்கிறார்

ஞாயிறு காலை, காசிமேட்டில் வாங்கிய நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தேன். நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் போன். "பாப்பா, என் முதலீட்டுக் கணக்குல நம்பகமான தொடர்பு நபர்னு உன் பேரைக் கொடுத்திருக்கேன்."

"அப்போ பணம் எனக்கா?"

சிரித்தார். ஒரு பைசா கிடையாதாம். பங்கை விற்கவோ பணம் எடுக்கவோ எனக்கு உரிமையில்லை. அவரைப் பிடிக்க முடியாமல் போனாலோ, யாரோ ஏமாற்றுவதாகச் சந்தேகம் வந்தாலோ, நிறுவனம் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். அவ்வளவுதான். 2018 முதல் அங்கே தரகு நிறுவனங்கள் இந்தப் பெயரைக் கேட்க வேண்டும். கொடுப்பது நம் இஷ்டம்.

நம் ஊர் நாமினி வேறு சமாச்சாரம். அவருக்கு வேலை வருவதே கணக்குக்காரர் இறந்த பிறகு. அப்போதும் நாமினி என்பதாலேயே சொத்து அவருடையதாகிவிடாது. பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பெற்ற மகன் இருக்க நான் எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. போன வருடம் போலீஸ் என்று சொல்லி எவனோ மிரட்டியபோது, அதை மகனிடம் சொல்ல வெட்கப்பட்டு, நள்ளிரவில் எனக்குத்தான் போன் செய்தார். அண்ணி போனதிலிருந்து அப்படித்தான்.

சரி, தெரியாத எண் வந்தால் நான் எடுக்கவே மாட்டேனே? அதற்கும் திட்டு வாங்கினேன். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, அந்த நிறுவனத்தின் எண்ணைக் காலண்டர் அட்டையில் எழுதிவைத்தேன். அதற்குள் பூனை இரண்டு நெத்திலியைக் கொண்டுபோய்விட்டது.