அரசாங்கப் பதிவு பெற்றவர் என்றார், நம்பினேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் திருப்பணிக்கு வந்த சிற்பி நான். வேலை விசாவைப் புதுப்பிக்க, முடிவதற்கு மூன்று மாதம் முன்பே ஓர் ஏஜென்டிடம் கொடுத்தேன். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் அன்னதானப் பந்தியில் பழக்கமானவர், தமிழ் பேசுவார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். “நான் அரசாங்கத்தில் பதிவு பெற்றவன் தம்பி, வக்கீல் கேட்பதில் பாதி போதும்” என்றார். 8,000 ராண்ட், ரொக்கம்.

விசா முடிந்த பதினோராம் நாள் ஏடிஎம்மில் பணம் வரவில்லை. விசா தேதி முடிந்ததால் கணக்கை நிறுத்திவிட்டார்களாம். அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விசா விண்ணப்ப ரசீதை வங்கியில் காட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் பெரிதாக்கித் திருப்பிக் காட்டினார். என் பெயர் மட்டும் கறுப்பாக, வரியிலிருந்து ஒரு நூல் இறங்கி நின்றது. தினமும் கல்லில் நூல் பிடித்துக் கோடு போடுகிறவன் நான். எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று இன்னும் மனசு ஆறவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டால், “பேசாமல் ஊருக்குப் போய்விட்டு வா, ஏர்போர்ட்டில் ரசீதைக் காட்டு, விட்டுவிடுவார்கள்” என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

மகளுக்குக் காதுகுத்து. கிளம்பியே இருப்பேன். தர்மகர்த்தாதான் பிடித்து நிறுத்தி ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி: “கைரேகை எங்கே கொடுத்தீர்கள்?” நான் எங்கும் கொடுக்கவில்லை. விண்ணப்பிப்பவர் நேரில் போய்க் கைரேகை கொடுத்தாக வேண்டும். அது நடக்கவில்லை என்றால் விண்ணப்பமே போகவில்லை. அந்த நிலையில் விமானம் ஏறியிருந்தால் ஒரு வருடம் திரும்பி வர முடியாது. முப்பது நாள் தாண்டியிருந்தால் ஐந்து வருடம்.

குடியேற்ற ஆலோசகர்களுக்கு முன்பு அரசாங்கப் பதிவு இருந்ததாம். 2014 மே 26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். வக்கீல் என்றால், வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழையும் கேளுங்கள்: கட்சிக்காரர் பணத்தை வக்கீல் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்கில் கட்டிய பணத்தை வக்கீலே திருடினால்கூட அந்த நிதியிடம் கேட்கலாம். என் 8,000 ராண்டை நான் யாரிடம் கேட்பது?

அடுத்தது ஃபார்ம் 20: விசா முடிந்தவர் புதிதாக விண்ணப்பிக்க, அதுவரை நாட்டில் இருக்க அனுமதிக்கும் தாள். தாமதம் என் கையில் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அண்ணனின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. நடந்ததை எழுதிய அஃபிடவிட்டில் (உறுதிமொழிப் பத்திரம்) வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு உறுதிமொழி வாங்கப் போலீஸ் ஸ்டேஷன் போனேன். “என் முன்னால்தான் போட வேண்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வீண். கையெழுத்துப் போடாமல் கொண்டு போங்கள், அங்கே காசு எதுவும் கிடையாது.

ஃபார்ம் 20 கிடைத்துவிட்டது. நேற்று போய்க் கைரேகை கொடுத்தேன். உளி பிடித்து ரேகை தேய்ந்த விரல், மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள். ரசீதை வாங்கியதும் முதலில் என் பெயரைத்தான் பார்த்தேன். மற்ற எழுத்துகளோடு ஒரே கோட்டில் நின்றது.